பச்சை இலை போடலாம், முத்திரைதான் ஆகாது

நாகர்கோவிலில் லேபிளும் கவரும் டிசைன் செய்து கொடுப்பது என் பிழைப்பு. ஈத்தாமொழிப் பக்கம் தென்னை நாரில் செடித்தொட்டி செய்யும் அண்ணாச்சி ஒருவர் கோபமாக வந்தார். அவரிடம் சரக்கு எடுக்கும் வெளியூர் ஆன்லைன் கடை, லேபிளில் இருந்த ‘100% எக்கோ ஃபிரெண்ட்லி’க்கு ஆதாரம் கேட்டு ஆர்டரை நிறுத்தி வைத்திருந்தது.

"தேங்கா நாருக்கு என்னத்துக்கு மக்கா சர்டிபிகேட்?"

கடை கேட்டது நியாயம்தான். பொய்யாகப் பசுமை பேசும் விளம்பரங்களைத் தடுக்க மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2024 அக்டோபரில் வழிகாட்டு விதிகள் வெளியிட்டது. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி லேபிளும் உறையும்கூட விளம்பரம்தான். தவறான விளம்பரத்துக்கு முதல் முறை 10 லட்சம் வரை, மறுபடி செய்தால் 50 லட்சம் வரை அபராதம். விளம்பர ஏஜென்சிகளும் விதிக்குள் வருவதால் எனக்கும் உள்ளூரப் பயம்.

என்னென்ன சேர்க்கிறீர்கள் என்று கேட்டேன். நார், ஒட்டுவதற்கு ரப்பர் பால், அதில் கலக்கும் கந்தகம் முதலான கெமிக்கல். சுற்றி வருவது பிளாஸ்டிக் கவர்! பெருமை பொருளுக்கா உறைக்கா என்று பிரித்துச் சொல்ல வேண்டும் என்கிறது விதி. அதனால் 100% போனது. ‘தொட்டி: தென்னை நார், ரப்பர் பால் கலவை. கவர்: பிளாஸ்டிக்’ என்று எழுதினேன். அண்ணாச்சிக்குக் கவர் வரி பிடிக்கவே இல்லை.

‘மண்ணில் மக்கும்’ என்பதற்குத்தான் பெரிய வாக்குவாதம். "ரெண்டு மழைல மக்கிரும்" என்கிறார். நமக்குத் தென்மேற்கு, வடகிழக்கு என்று இரண்டு பருவமழையும் உண்டு. ராஜஸ்தானில் வாங்குகிறவர் என்ன செய்வார்? தென்னை நாரில் லிக்னின் என்ற கெட்டியான மரப்பொருள் அதிகம், மெதுவாகத்தான் மக்கும். சோதனைச் சான்று கிடைத்தால் கியூஆர் கோடு வைத்து விவரம் கொடுக்கலாம், அதுவரை அந்த வரி வேண்டாம் என்று விட்டோம்.

அப்புறம் இலை. பச்சை நிறமும் இலைப் படமும் போட்டாலே குற்றம் என்று பலர் பயப்படுகிறார்கள். ஏமாற்றாத வரை பொதுவான படத்துக்கும் நிறத்துக்கும் விதியே விலக்கு தருகிறது. அண்ணாச்சி கேட்டதோ வட்டமாக, அரசு முத்திரை மாதிரி ஒன்று. அதற்கு மட்டும் நான் மாட்டேன் என்றேன்.

புது லேபிளைப் பார்த்ததும், நிறுத்தி வைத்த ஆர்டரைக் கடை மறுபடி கொடுத்தது. அண்ணாச்சி இப்போது அட்டைப்பெட்டிக்கு விலை கேட்டுக்கொண்டிருக்கிறார். "அட்டைக்கு மாறினா அந்தக் கவர் வரியை எடுத்திரலாம்லா?" எடுத்துவிடலாம் என்று சொல்லியிருக்கிறேன்.