இடைநிலை அளவு: விடை ஒத்துவரவில்லை, அவசரம்

தேன்மொழி: வணக்கம். இடைநிலை அளவுக் கணக்கு ஒன்று, அதாவது வரிசைப்படுத்தினால் நடுவில் வரும் மதிப்பைக் காண வேண்டும். எனக்கு 37.67 வருகிறது, புத்தகத்தின் பின்பக்கத்தில் 37 என்று இருக்கிறது. மூன்று முறை போட்டுப் பார்த்துவிட்டேன். நாளை காலை தேர்வு. எங்கே தவறுகிறேன்?

கோவைக்காரன்: அட்டவணை எங்கே அம்மா? அதைப் பார்க்காமல் என்ன சொல்வது?

எண்ணும்_எழுத்தும்: அச்சுப்பிழைதான். என் மகனுடைய வழிகாட்டி நூலில் ஒரே பாடத்தில் நான்கு விடைகள் தவறு. அடுத்த கணக்குக்குப் போங்கள்.

தேன்மொழி: மன்னிக்கவும். 40 மாணவர்களின் மதிப்பெண்கள். 11-20: 4 பேர், 21-30: 8, 31-40: 12, 41-50: 10, 51-60: 6. 40இல் பாதி 20, அதில் முதல் இரண்டு பிரிவுகளின் 12 பேர் போக மீதி 8. நடு மதிப்பு 31-40 பிரிவில் வருகிறது. அதன் கீழ் எல்லை 31, பிரிவின் அகலம் 10 என்று போட்டேன்: 31 + (8/12) × 10.

சூத்திரம்_போதும்: அகலம்தான் தவறு. 40இல் 31 போனால் 9. 31 + (8/12) × 9 = 37. முடிந்தது.

பழைய_ஆசிரியர்: விடை வந்துவிட்டால் வழி சரியாகிவிடுமா? 31 முதல் 40 வரை விரல்விட்டு எண்ணுங்கள், பத்து இருக்கும். 30க்கும் 31க்கும் நடுவே உள்ள இடைவெளியைப் பாதியாகப் பிரித்து, கீழ் எல்லையை 30.5 என்று கொள்ள வேண்டும். 30.5 + 6.67 = 37.17. இந்த அடிப்படைகூடத் தெரியாமல் தேர்வுக்கு முந்தைய இரவு வந்து நிற்கிறீர்கள்.

கோவைக்காரன்: 37.17 சரிதான் ஐயா. ஆனால் புத்தகத்தில் 37 அல்லவா இருக்கிறது?

வடமராட்சி: தங்கச்சி, கேள்வியை ஒரு சொல்லும் மாற்றாமல் எழுதுங்கள்.

தேன்மொழி: "மீடிறன் பரம்பலின் இடையைக் காண்க." தோழி கொடுத்த புத்தகம். மீடிறன் என்றால் நிகழ்வெண், அதாவது ஒவ்வொரு பிரிவிலும் எத்தனை பேர் என்ற எண்ணிக்கை என்று அவள்தான் சொன்னாள்.

வடமராட்சி: அது எங்கள் இலங்கைப் புத்தகம். எங்களுக்கு இடை என்றால் உங்கள் கூட்டுச் சராசரி. உங்கள் இடைநிலை அளவு எங்களுக்கு இடையம். அதிகமாக வரும் மதிப்பை நீங்கள் முகடு என்பீர்கள், நாங்கள் ஆகாரம் என்போம். ஒவ்வொரு பிரிவின் நடுப்புள்ளியையும் எடுங்கள்: 15.5, 25.5, 35.5, 45.5, 55.5. அந்தந்தப் பிரிவின் எண்ணிக்கையால் பெருக்கிக் கூட்டினால் 1480. அதை 40ஆல் வகுத்தால் 37.

பழைய_ஆசிரியர்: இடை என்றால் நடு. நடு உறுப்புக்குத்தான் அந்தப் பெயர் பொருந்தும். சராசரிக்கு அதை வைத்தால் பிள்ளைகள் குழம்பத்தான் செய்வார்கள்.

வடமராட்சி: அந்தச் சொல்லிலேயே படித்து வளர்ந்த பிள்ளைகள் யாரும் குழம்பவில்லை ஐயா. நானும் எங்கள் பள்ளிப் பொதுத்தேர்வான சாதாரண தரம் வரை அப்படித்தான் படித்தேன். முகடு நல்ல சொல், மலையுச்சி கண்முன் வருகிறது. அதற்காக எங்கள் சொல் தவறு என்றால் ஏற்க மாட்டேன்.

எண்ணும்_எழுத்தும்: ஆகாரம் என்றால் உணவு அல்லவா?

வடமராட்சி: வடிவம் என்ற பொருளும் உண்டு.

சூத்திரம்_போதும்: அப்படியானால் எனக்கு 37 எப்படி வந்தது?

பழைய_ஆசிரியர்: தற்செயல். கீழ் எல்லையில் அரை கூட்டினீர்கள், அகலத்தில் ஒன்று குறைத்தீர்கள். இரண்டு தவறும் சேர்ந்து 37இல் கொண்டுவந்து நிறுத்தின. தேர்வுத்தாளில் இப்படிச் செய்தால் மதிப்பெண் போய்விடும்.

தேன்மொழி: சராசரி போட்டேன், 37 வந்துவிட்டது. 30.5ஐயும் குறித்துக்கொண்டேன். எல்லோருக்கும் நன்றி, படிக்கப் போகிறேன்.

கோவைக்காரன்: இதே அட்டவணைக்கு முகடும் எனக்கு 37.17 வருகிறது. யாராவது போட்டுப் பார்த்துச் சொல்லுங்கள்.