தான ரத்தத்தில் டெங்குவைத் தேடுவது மலை ஊர்களுக்குப் பயன் தருமா?

குன்னூர்வாசி:
அனைவருக்கும் வணக்கம். எங்கள் குழு குன்னூரிலும் கோத்தகிரியிலும் ரத்ததான முகாம்கள் நடத்துகிறது. பெறப்படும் ஒவ்வொரு பை ரத்தத்துக்கும் எச்.ஐ.வி., ஹெபடைடிஸ் பி, சி, சிபிலிஸ், மலேரியா ஆகிய சோதனைகள் நம் நாட்டில் கட்டாயம், டெங்குவுக்கு அப்படியில்லை. அதே மாதிரியில் டெங்கு, சிக்குன்குனியா வைரஸ்களையும் தேடினால், காய்ச்சல் வார்டு நிரம்புவதற்கு முன்பே பரவலை அறிந்துகொள்ள முடியாதா? குளிருக்குக் கொசு வராது என்ற நம்பிக்கை இங்கே இன்னும் வலுவாக இருப்பதால் கேட்கிறேன்.

ஆய்வகப் பணியாளர்:
முடியும், ஐயா. டெங்கு தொற்றியவர்களில் பெரும்பாலோருக்கு அறிகுறியே இருக்காது. அவர்கள் மருத்துவமனைக்கு வரமாட்டார்கள், ஆனால் ரத்தம் கொடுக்க வருவார்கள். பசிபிக் தீவுகளான பிரெஞ்சு பாலினீசியாவில் 2013-14இல், டெங்குவைப் போலவே கொசுவால் பரவும் ஜிகா வைரஸ் பரவியபோது, ரத்தம் கொடுக்கும் வேளையில் நலமாக இருந்த 1,505 பேரில் 42 பேரிடம் அந்த வைரஸின் மரபணு கண்டறியப்பட்டது. அமெரிக்காவில் 2002இல், கொசுவால் பரவும் மற்றொரு வைரஸான வெஸ்ட் நைல் வைரஸ் ரத்தம் ஏற்றியதன் வழியே 23 பேருக்குத் தொற்றிய பிறகு, 2003 முதல் தான ரத்தத்தை அதற்காகச் சோதிக்கிறார்கள். செலவைக் கட்டுப்படுத்த ஆறு அல்லது பதினாறு மாதிரிகளை ஒன்றாகக் கலந்து பார்ப்பதும், ஒரு வட்டாரத்தில் வைரஸ் தென்பட்டதும் அங்கே மட்டும் தனித்தனியாகச் சோதிப்பதும் அவர்களின் வழக்கம். கலக்கும்போது குறைந்த அளவிலுள்ள வைரஸ் நீர்த்துப்போய்க் கண்ணில் படாமல் தப்பிவிடும் என்பதே காரணம்.

கூடலூர் தோட்டக்காரர்:
மேலே சொன்னதை ஏற்கிறேன். ஆனால் டெங்கு வைரஸ் ரத்தத்தில் இருப்பது ஏறக்குறைய ஒரு வாரம்தான். சிறிய முகாமில் ஒருவரிடமும் அது கிடைக்கவில்லை என்பதற்காக ஊரில் பரவல் இல்லை என்று முடிவு கட்டிவிடக் கூடாது. அதைவிட முக்கியமாக, ரத்தம் கொடுத்த இடம் வேறு, கொசு கடித்த இடம் வேறு. 2,200 மீட்டருக்கு மேலே உதகையில் ரத்தம் கொடுப்பவர் முந்தைய வாரம் மலையடிவாரத்து மேட்டுப்பாளையத்தில் வேலை பார்த்திருக்கலாம். எங்கள் பக்கம் உயரம் குறைவு. மழை விட்டதும் பாக்குத் தோப்பில் விழுந்து கிடக்கும் மட்டையைப் புரட்டினால், தேங்கிய நீரில் கொசுப் புழுக்கள் நெளிவதைப் பார்க்கலாம். டெங்குவைப் பரப்பும் ஏடிஸ், பகலில் கடிக்கும் கொசு. ஆகவே வீட்டு முகவரியோடு நிற்காமல், கடந்த இரு வாரங்களில் பகலில் எங்கே இருந்தார் என்பதையும் படிவத்தில் எழுதி வாங்குங்கள். அது இல்லாவிட்டால் சோதனை முடிவை எந்த ஊர்க் கணக்கில் வைப்பது?

குன்னூர்வாசி:
மிக்க நன்றி. வைரஸை எதிர்க்க உடல் உண்டாக்கும் ஐ.ஜி.ஜி. எதிர்ப்பொருளைத் தேடும் சோதனை மலிவானது என்கிறார்களே, அது போதுமா?

ஆய்வகப் பணியாளர்:
இப்போதைய பரவலை அறிய அது உதவாது. அந்த எதிர்ப்பொருள் பல்லாண்டுகள் உடலில் நிற்கும். 2017-18இல் நடந்த தேசிய ஆய்வில் தென்மாநிலங்களில் சோதிக்கப்பட்டவர்களில் 76.9 விழுக்காட்டினரிடம் டெங்குத் தொற்றின் பழைய தடயம் இருந்தது. இன்றைய நிலை தெரிய வைரஸின் மரபணுவையே தேட வேண்டும். இதற்குக் கொடையாளரின் ஒப்புதலை முன்பே பெறுங்கள். வைரஸ் இருப்பது உறுதியானால் அந்தப் பையை ஒதுக்கிவிட்டு, அவருக்கும் வட்டாரச் சுகாதார அலுவலருக்கும் அன்றே தெரிவிக்க வேண்டும். முடிவு கைக்கு வர ஒரு மாதம் ஆகும் என்றால் இந்த முயற்சியில் இறங்காதீர்கள். அதற்குள் கொசு அடுத்த தெருவுக்குப் போயிருக்கும்.