பழைய டெல்லில ஒரு நாள் ஃபுல்லா சாப்பாடு, ஐடியா குடுங்க ப்ளீஸ்

எல்லாருக்கும் வணக்கம். டிசம்பர் கடைசில அரையாண்டு லீவுக்கு டெல்லி போறோம், நாங்க ரெண்டு பேரு, ஏழு வயசு பொண்ணு, அப்புறம் எங்க அம்மா அப்பா. ஒரு நாள் மட்டும் சாந்தினி சௌக்ல சாப்பிடறதுக்குன்னே ஒதுக்கி வச்சிருக்கேன், அப்பாவுக்கு ரொம்ப வருஷ ஆசை, அதான் சரியா அமையணும்.

இப்போதைக்கு ப்ளான் இதுதான்: காலைல பராந்தே வாலி கலிங்கற சந்துல பராத்தா (கல்லுல சுடாம நெய்ல பொரிச்சு எடுப்பாங்க, சைவம்தான், அம்மாவுக்கு பிரச்சனையில்ல), அப்புறம் மெட்ரோ ஸ்டேஷன் கிட்ட நட்ராஜ் கடைல தஹி பல்லா (நம்ம தயிர் வடை மாதிரி), தரீபா தெரு முனைல ஜிலேபி, சாயங்காலம் ஜாமா மசூதி பக்கம் கரீம்ஸ் ஹோட்டல்ல அம்மா தவிர நாங்கல்லாம் மட்டன். தௌலத் கி சாட்டும் கண்டிப்பா சாப்பிடணும், பால் நுரைய அப்படியே ஸ்வீட்டா குடுப்பாங்க, குளிர்காலத்துல மட்டும்தான் கிடைக்கும், அதுக்காகவே டிசம்பர்ல டிக்கெட் போட்டேன்.

கவலை என்னன்னா அப்பாவுக்கு முட்டி வலி, சுகரும் இருக்கு. மெயின் ரோட்டுல காலை 9லேர்ந்து ராத்திரி 9 வரைக்கும் மோட்டார் வண்டி விடமாட்டாங்க, அப்போ சைக்கிள் ரிக்‌ஷாதான். அத மணி கணக்குல பேசிக்கலாமா, எவ்வளவு கேப்பாங்க? வயசானவங்க உக்காந்து சாப்பிட வசதியா, சுத்தமான டாய்லெட்டோட எந்த கடை இருக்கு? பொண்ணுக்கு காரமே ஆகாது, அவளுக்கு என்ன வாங்கிக் குடுக்கலாம்? ஞாயித்துக்கிழமை நிறைய கடை லீவுங்கறதால புதன்கிழமை போலாம்னு இருக்கோம். குடும்பத்தோட போய்ட்டு வந்தவங்க யாராவது இருந்தா சொல்லுங்க.