சிறுவர் பேஸ்பால் ஆட்டங்களுக்கு நடுவர்களைப் பயிற்றுவிப்பதை எங்கிருந்து தொடங்குவது?

கெப்போங் பெற்றோர் (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். கோலாலம்பூரில் எங்கள் தாமான் திடலில் 9 முதல் 12 வயது வரையுள்ள பிள்ளைகள் வார இறுதிகளில் பேஸ்பால் ஆடி வருகிறார்கள். கோப்பைக்காக அல்ல, பொழுதுபோக்காகத்தான். பேஸ்களுக்கு (ஓட்டக்காரர் தொட்டுச் செல்லும் தளங்களுக்கு) இடையே 60 அடி, பந்து வீசும் தூரம் 46 அடி என்று லிட்டில் லீக் என்னும் சிறுவர் பேஸ்பால் அமைப்பின் அளவுகளையும் விதிகளையும் பின்பற்றுகிறோம். குழுக்களுக்கும் பயிற்றுநர்களுக்கும் குறைவில்லை, நடுவர்தான் கிடைப்பதில்லை. திடலுக்கு வந்த தந்தையரில் யாராவது ஒருவர் முகக்கவசத்தை மாட்டிக்கொண்டு நிற்பதுதான் இதுவரை வழக்கமாக இருக்கிறது. அவருடைய மகன் மட்டையோடு வந்து நிற்கும்போது அவருக்கும் சங்கடம், எதிர்க்குழுவின் பெற்றோருக்கும் சந்தேகம்.

நான்காம், ஐந்தாம் படிவ மாணவ மாணவியர் சிலரையும் ஆர்வமுள்ள பெற்றோரையும் சேர்த்து முறையாகப் பயிற்சி கொடுக்கலாம் என்று எண்ணுகிறோம். அவர்களில் பாதிப் பேர் பள்ளியில் பேஸ்பாலைப் போன்ற சாஃப்ட்பால் ஆடியவர்கள். விதிநூலைப் படித்துவிட்டு வரச் சொல்வதா, நேராகத் திடலில் நிறுத்துவதா? 16 வயதுப் பிள்ளை நடுவராக நிற்கும்போது வெளியிலிருந்து கத்தும் பெரியவர்களை எப்படிக் கட்டுப்படுத்துவது? அனுபவமுள்ளவர்கள் வழிகாட்டுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

பினாங்கு சாஃப்ட்பால் ஆசிரியர்

வணக்கம் ஐயா. பள்ளிகளில் சாஃப்ட்பால் நடுவர்களைப் பல ஆண்டுகளாகப் பயிற்றுவித்தவன் என்ற முறையில் என் கருத்தைச் சொல்கிறேன். விதிநூலைக் கையில் கொடுத்துத் தொடங்காதீர்கள். எங்கே நிற்பது, எப்போது வாய் திறப்பது என்ற இரண்டும் உடம்பில் படிந்த பிறகு விதிகளைச் சொல்லிக்கொடுத்தால் அவை தங்கும். விதிநூலைத் தலைகீழாக ஒப்பிப்பவர்கூடத் தவறான இடத்தில் நின்றால் தவறாகத்தான் தீர்ப்பளிப்பார், ஏனென்றால் அவர் அந்த ஆட்டத்தைப் பார்த்தே இருக்கமாட்டார்.

முதலில் ஹோம் பிளேட்டுக்கு (மட்டையாளர் பக்கத்தில் நின்று ஆடும் தட்டுக்கு)ப் பின்னால் நிற்பது. பலரும் கேட்சரின் (வீசிய பந்தைப் பிடிப்பவரின்) நேர் பின்னால் நின்றுகொண்டு அவர் தலைக்கு மேலாக எட்டிப் பார்ப்பார்கள். தாழ்வான பந்து அவர்களுக்குத் தெரியவே தெரியாது. நடுவர் நிற்க வேண்டிய இடம் மட்டையாளருக்கும் கேட்சருக்கும் இடையே உள்ள இடைவெளி. மட்டையாளர் பக்கத்துக் கால் சற்று முன்னே, மற்றொரு காலின் விரல் நுனி அந்த முன்காலின் குதிகாலுக்கு நேராக இருக்கட்டும். முகவாய் கேட்சரின் தலையுச்சி அளவுக்கு இறங்க வேண்டும். அதற்கும் கீழே குனிந்தால் வெளிப்புற மூலை மறைந்துவிடும். பந்து வரும்போது தலை அசையக் கூடாது, கண்கள் மட்டும் பந்தோடு நகர வேண்டும். தலை ஆடுபவருக்கு ஒரே இடத்தில் வரும் இரண்டு பந்துகள் இரண்டு விதமாகத் தெரியும்.

அடுத்தது நேரம். புதியவர்கள் எல்லாரும் பந்து கையுறையைச் சேருவதற்கு முன்பே ‘ஸ்ட்ரைக்’ (அடிக்க வேண்டிய எல்லைக்குள் வந்த பந்து) என்று சொல்லிவிடுவார்கள். பிள்ளைகள் பந்து வீசிப் பழகும்போது, இந்தப் புதிய நடுவர்களைக் கேட்சருக்குப் பின்னால் நிறுத்தி, முதல் சில சுற்றுகளில் எதையும் அறிவிக்காமல் பந்தைக் கையுறைவரை கண்ணால் தொடர மட்டும் சொல்லுங்கள். பிறகு, பந்து கையுறையில் விழும் ஓசையைக் கேட்டு, மனத்துக்குள் ‘விழுந்தது’ என்று சொல்லி முடித்த பிறகே தீர்ப்பைச் சொல்லலாம் என்று வையுங்கள். அந்தச் சிறு தாமதத்தில்தான் கண் பார்த்ததை மூளை சரிபார்க்கிறது. முகக்கவசமும் நெஞ்சுக்காப்பும் முழங்கால் காப்பும் இல்லாமல், பயிற்சிதானே என்று எவரையும் அங்கே நிறுத்த வேண்டாம். சிறுவன் வீசும் பந்தும் மட்டை நுனியில் உரசித் திரும்பினால் முகத்துக்கே வரும்.

முதல் பேஸில் நடக்கும் ஆட்டத்துக்கு ஒரு பழக்கத்தை ஊட்டினால் போதும். எறியும் பந்தின் பாதைக்குச் செங்குத்தான கோணத்தில், ஏறக்குறைய 5 மீட்டர் தள்ளி நின்று, பந்து எறிபவரின் கையை விட்டதும் பார்வையைப் பேஸின் மேல் வைத்துவிட வேண்டும். கால் படுவதைக் கண் பார்க்கும், பந்து கையுறையில் விழுவதைக் காது கேட்கும். கிட்டப்போய் நிற்பதைவிடச் சரியான கோணத்தில் நிற்பதே மேல். ‘அவுட்’ சொல்லும் முன், பந்து கையுறையில் உறுதியாக இருக்கிறதா என்று ஒரு கணம் பார்க்க வேண்டும். பாதி உயர்த்திய கையை இறக்கி ‘சேஃப்’ (ஆட்டமிழக்கவில்லை) என்று மாற்றும் அவலம் அப்போது நேராது.

பழைய சாஃப்ட்பால் ஆட்டக்காரர்களைப் பற்றி ஓர் எச்சரிக்கை. சாஃப்ட்பாலில் வீச்சாளரின் கையை விட்டுப் பந்து நீங்கியதும் ஓட்டக்காரர் பேஸை விட்டுப் புறப்படலாம். லிட்டில் லீக் பேஸ்பாலில் உங்கள் வயதுப் பிரிவுக்குப் பந்து மட்டையாளரை எட்டும்வரை ஓட்டக்காரர் பேஸிலேயே நிற்க வேண்டும். ஆகவே பேஸ் நடுவர் வீச்சாளரின் கையைப் பார்க்கும் பழக்கத்தை விட்டுவிட வேண்டும். விளைவும் வேறு. சாஃப்ட்பாலில் முன்கூட்டிப் புறப்பட்டவர் அவுட். இங்கே அதற்காக மட்டும் அவரை அவுட் கொடுப்பதில்லை. நடுவர் கைக்குட்டையைக் கீழே போட்டுவிட்டு ஆட்டத்தைத் தொடரவிட்டு, முடிந்த பிறகு ஓட்டக்காரர்களை எங்கே நிறுத்துவது என்று தீர்மானிக்கிறார். உங்கள் சாஃப்ட்பால் பிள்ளைகள் இந்த இடத்தில்தான் கண்டிப்பாகத் தடுக்கி விழுவார்கள்.

செந்தூல் நடுவர்

ஆசிரியர் ஐயா சொன்னதோடு முழுவதும் உடன்படுகிறேன். நான் இடைநிலைப்பள்ளியில் படிக்கும்போதே நடுவராக நிற்கத் தொடங்கியவள் என்பதால், கத்தும் பெரியவர்களைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

அதை 16 வயதுப் பிள்ளையின் பொறுப்பாக விடாதீர்கள். ஆட்டத்துக்கு முன்பு ஹோம் பிளேட்டில் இரு தலைமைப் பயிற்றுநர்களையும் நடுவர்களையும் நிறுத்தி, நடுவரிடம் பேச உரிமை தலைமைப் பயிற்றுநருக்கு மட்டுமே என்று பெரியவர் ஒருவர் சொல்லிவிட வேண்டும். அந்தப் பெரியவர் ஆட்டம் முடியும்வரை திடலோரத்தில் எல்லார் கண்ணிலும் படும்படி இருக்க வேண்டும். பெற்றோர் ஒருவர் எல்லை மீறினால் இளம் நடுவர் ஆட்டத்தை நிறுத்திவிட்டு அவரைப் பார்த்தாலே போதும், மற்றதை அவர் பார்த்துக்கொள்வார். ஒருமுறை வேறொரு திடலில் ஒரு தந்தை வேலியைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு பந்துக்கும் எனக்குப் பாடம் நடத்தினார். பொறுப்பாளர் போய் அவர் பக்கத்தில் நின்றார், அவ்வளவுதான்.

பயிற்றுநர் எதைக் கேட்கலாம் என்பதையும் இளம் நடுவர்கள் தெரிந்திருக்க வேண்டும். ஸ்ட்ரைக்கா ‘பாலா’ (எல்லைக்கு வெளியே வந்த பந்தா), அவுட்டா சேஃப்பா என்பவை கண்ணால் கண்டு சொல்லும் தீர்ப்புகள். அவற்றை எதிர்த்து வாதிட விதிகளில் இடமில்லை. விதியைத் தவறாகப் பொருத்தியிருந்தால் மட்டும் முறையிடலாம். அதேபோல், சக நடுவர் தானாகக் கேட்டாலொழிய அவர் தீர்ப்பில் மற்றவர் தலையிடக் கூடாது. தந்தையும் மகளும் சேர்ந்து நடுவராக நிற்கும் ஆட்டங்களில் இதைப் பார்த்திருக்கிறேன்: மகள் முதல் பேஸில் ‘சேஃப்’ என்று கையை விரித்த மறுகணம் தந்தை பிளேட்டிலிருந்து தலையை ஆட்டுவார். அதன் பிறகு அந்தப் பிள்ளையின் ஒரு தீர்ப்பையும் யாரும் மதிக்கமாட்டார்கள். ஒரே வீட்டாரை ஒரே ஆட்டத்தில் போடாமலிருப்பது நல்லது.

சைகைகளைக் கண்ணாடி முன் பழகச் சொல்லுங்கள். குரல் தயங்கினால் சரியான தீர்ப்பும் சந்தேகமாகத் தெரியும். ஃபவுல் (ஆடுகளக் கோட்டுக்கு வெளியே போன) பந்துக்குக் கைகளை உயர்த்தி உரக்கச் சொல்ல வேண்டும். ஃபேர் (கோட்டுக்குள் அமைந்த) பந்துக்கோ ஆடுகளத்தின் பக்கம் கையை நீட்டிக் காட்டுவதோடு சரி, வாயே திறக்கக் கூடாது. இரண்டு சொற்களும் தூரத்தில் ஒன்றுபோலக் கேட்டுப் பிள்ளைகள் ஓடுவதை நிறுத்திவிடுவார்கள்.

கெப்போங் பெற்றோர்

இருவருக்கும் மிக்க நன்றி. ஆசிரியர் ஐயாவிடம் ஒரு சந்தேகம். எங்கள் 9 வயதுப் பிள்ளைகளின் வீச்சு இன்னும் நேராக வருவதில்லை. ஸ்ட்ரைக் எல்லையை விதிப்படியே வைத்தால் பிள்ளைகள் நான்கு ‘பால்’களைப் பார்த்துவிட்டு அடிக்காமலேயே வரிசையாக முதல் பேஸுக்கு நடந்துகொண்டே இருக்கிறார்கள், வெளியில் நிற்கும் களத்தடுப்பாளர்கள் புல்லைப் பிடுங்கிக்கொண்டிருக்கிறார்கள். எல்லையைப் பெரிதாக்கச் சொல்லிக்கொடுப்பது சரியா?

பினாங்கு சாஃப்ட்பால் ஆசிரியர்

பொழுதுபோக்கு ஆட்டத்தில், அந்த வயதில், தாராளமாகவே கொடுக்கலாம் என்பது என் எண்ணம். ஆனால் பெரிதாக்குவதற்கு முன் விதி உண்மையில் எவ்வளவு இடம் தருகிறது என்பதை அவர்களுக்குக் காட்டுங்கள். ஹோம் பிளேட்டின் அகலம் 17 அங்குலம். பந்தின் ஓரம் பிளேட்டின் ஓரத்துக்கு மேலே தொட்டுச் சென்றாலும் அது ஸ்ட்ரைக்தான். பந்தின் விட்டம் ஏறக்குறைய 2.9 அங்குலம், ஆக, இரு பக்கமும் ஒரு பந்து அளவைக் கூட்டினால் ஏறக்குறைய 23 அங்குலம் ஆகிறது. பிளேட்டின் இரு பக்கமும் பந்தை ஒட்டி வைத்துக் காட்டினால் புதிய நடுவர்கள் ஆச்சரியப்படுவார்கள். உயரத்தில் லிட்டில் லீக் அக்குளிலிருந்து முழங்காலின் மேற்பகுதிவரை என்கிறது. தொலைக்காட்சியில் பெரியவர்கள் ஆட்டத்தைப் பார்த்துப் பழகியவர்கள் மார்பளவுப் பந்தைத் தயங்காமல் ‘பால்’ என்று விடுகிறார்கள். உங்கள் பிள்ளைகளுக்கு அது ஸ்ட்ரைக்.

செந்தூல் நடுவர்

இந்த ஓர் இடத்தில் ஐயாவோடு சற்று மாறுபடுகிறேன். வெளிப்புறத்தில் இன்னும் ஒரு பந்து அளவு கொடுப்பதை ஏற்கலாம். உயரத்தில் தாராளம் காட்டினால் பிள்ளைகள் கண்ணுக்கு நேரே வரும் பந்துக்கு மட்டையைச் சுழற்றப் பழகிவிடுவார்கள், பிறகு அந்தப் பழக்கத்தைத் திருத்துவது பயிற்றுநரின் தலையில் விழும். எவ்வளவு கொடுப்பது என்பதை நடுவர் தானாக முடிவுசெய்யாமல், ஒருங்கிணைப்பாளர்கள் வயதுப் பிரிவுவாரியாக முன்பே தீர்மானித்து இரு குழுவுக்கும் அறிவித்துவிட வேண்டும். முதல் இன்னிங்ஸில் தாராளமாக இருந்துவிட்டு, கடைசி இன்னிங்ஸில் ஆட்டம் நெருக்கமானதும் எல்லையைச் சுருக்குபவரைத்தான் பெற்றோர் மன்னிப்பதில்லை.

பினாங்கு சாஃப்ட்பால் ஆசிரியர்

அதை ஏற்கிறேன். நான் சொன்ன தாராளமும் பக்கவாட்டில்தான்.

பெட்டாலிங் ஜெயா பயிற்றுநர்

தாமதமாக வருகிறேன். உங்கள் திடல் காற்பந்துத் திடலாகவும் இருக்கும் என்று நினைக்கிறேன், பெரும்பாலும் அப்படித்தான். அப்படியானால் ஆட்டத்துக்கு முந்தைய சந்திப்பில் கோல் கம்பங்கள், மரக்கிளைகள், ஓரக் கால்வாய் ஆகியவற்றுக்கான திடல் விதிகளை நடுவரே இரு பயிற்றுநர்களுக்கும் நடந்து காட்டிச் சொல்லட்டும். நம் ஊரில் சண்டை பெரும்பாலும் கால்வாயில் விழும் பந்தால்தான் வருகிறது. மட்டையடித்த பந்து தரையில் பட்டு எல்லையைத் தாண்டிக் கால்வாயில் விழுந்தால் எல்லாருக்கும் இரண்டு பேஸ். களத்தடுப்பாளர் எறிந்த பந்து விழுந்தாலும் இரண்டு பேஸ்தான், ஆனால் எங்கிருந்து எண்ணுவது என்பது வேறுபடும்: அடித்த பந்தை எடுத்த உள்களத்தடுப்பாளரின் முதல் எறிதல் என்றால் பந்து வீசப்பட்டபோது ஓட்டக்காரர்கள் இருந்த இடத்திலிருந்தும், மற்றபடி எறிபவரின் கையை விட்டுப் பந்து நீங்கியபோது இருந்த இடத்திலிருந்தும் எண்ண வேண்டும். பயிற்சியில் நான்கு பிள்ளைகளை ஓடவிட்டு இதை நேரில் செய்து காட்டினால்தான் விளங்கும்.

இன்ஃபீல்ட் ஃப்ளை விதியையும் (உள்களத்தில் எளிதாகப் பிடிக்கக்கூடிய உயரப் பந்தை அடித்தால், அது பிடிபடாவிட்டாலும் மட்டையாளர் அவுட் என்பது) அப்படியே. முதல், இரண்டாம் பேஸ்களிலோ மூன்றிலுமோ ஓட்டக்காரர்கள் இருந்து, இரண்டு அவுட்டுக்குக் குறைவாக இருந்தால், ஒவ்வொரு மட்டையாளர் வருவதற்கு முன்பும் இரு நடுவர்களும் ஒருவரையொருவர் பார்த்து ஒரு சைகை செய்துகொள்ள வேண்டும். பந்து வானத்தில் இருக்கும்போது விதியை நினைவுபடுத்திக்கொள்ள முடியாது.

கடைசியாக மழை. பிற்பகல் ஆட்டங்களில் இடி கேட்டால் நிறுத்துவதற்கு யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை என்று இளம் நடுவர்களிடம் தெளிவாகச் சொல்லிவையுங்கள். கடைசி இடி கேட்டு 30 நிமிடம் ஆகும்வரை யாரும் திடலுக்குள் இறங்கக் கூடாது. நடுவில் மீண்டும் இடித்தால் எண்ணிக்கை முதலிலிருந்து தொடங்கும். இன்னும் இரண்டு அவுட்தானே, முடித்துவிடலாம் என்று கேட்கும் பயிற்றுநர் எல்லாத் திடலிலும் ஒருவர் இருப்பார்.

கெப்போங் பெற்றோர்

மிகவும் பயனுள்ள விளக்கங்கள். முதல் அமர்வில் பந்தைத் தொடர்வதும் முதல் பேஸ் கோணமும், இரண்டாவதில் சைகைகளும் ஓட்டக்காரர் விதிகளும் என்று திட்டமிடுகிறேன். பிளேட்டுக்குப் பின்னால் நிற்பவருக்கான காப்புகள் எங்களிடம் ஒரே ஒரு தொகுப்புத்தான் இருக்கின்றன; மற்றவர்கள் தங்கள் முறை வரும்வரை காத்திருக்க வேண்டுமா?

செந்தூல் நடுவர்

வேண்டியதில்லை. காப்பு இல்லாதவர்களைப் பேஸ் நடுவர் வேலையில் பழக்குங்கள். பந்தைத் தொடரும் பயிற்சிக்கு வீச்சாளருக்குப் பின்னால், சற்று ஒதுங்கி நிற்கவைக்கலாம், மட்டையாளர் இல்லாமல். காப்புத் தொகுப்பைச் சுழற்சியில் கொடுக்கும்போது, அளவு பொருந்துகிறதா என்று ஒவ்வொருவருக்கும் பாருங்கள். தளர்ந்த முகக்கவசம் பந்து பட்டால் திரும்பிக்கொள்ளும்.