புகழ்ச்சி காதில் விழும்போது என்ன செய்வது? மேடை ஊழியமும் வீண்பெருமையும்

கீதவாத்தியம் (கேள்வி)

அனைவருக்கும் ஸ்தோத்திரம். சபையில் பாட்டு, பிரசங்கம், வேதபாடம் என்று முன்னால் நிற்கிறவர்களைப் பற்றிய கேள்வி இது. ஆராதனை முடிந்து வாசலுக்கு வந்ததும் பத்துப் பேராவது கையைப் பிடித்து, "இன்னைக்கு ரொம்ப ஆசீர்வாதமா இருந்துச்சு" என்பார்கள். "எல்லா மகிமையும் கர்த்தருக்கே" என்று வாய் சொல்லிவிடும். ஆனால் வீடு போய்ச் சேரும் வரை யார் யார் என்ன சொன்னார்கள் என்று மனது திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்க்கும். ஒருவர் ஒன்றும் சொல்லாமல் போயிருந்தால் அதுவும் உறுத்தும்.

மூன்று விஷயங்கள் தெரிய வேண்டும். வீண்பெருமையும் அகந்தையும் ஒன்றுதானா? பாராட்டு வரும்போது மறுத்துப் பேச வேண்டுமா, ஏற்றுக்கொள்ளலாமா? கொஞ்ச காலம் மேடையை விட்டு விலகி இருப்பது தீர்வாகுமா? "ஜெபம் பண்ணுங்க, சரியாகிடும்" என்று பொதுவாகச் சொல்லாமல், இதை ஆராய்ந்து எழுதிய பழைய பிதாக்கள் என்ன சொன்னார்கள், அதை நடைமுறையில் எப்படிச் செய்வது என்று சொன்னால் உதவியாக இருக்கும்.

வனாந்தரம்

இரண்டும் வேறு, பிரதர். 4ஆம் நூற்றாண்டில் எகிப்திய பாலைவனத்தில் வாழ்ந்த எவாக்ரியுஸ், துறவியை அலைக்கழிக்கும் எண்ணங்களை எட்டாக வகுத்தார். போஜனப்பிரியத்தில் ஆரம்பிக்கும் அந்த வரிசையில் ஏழாவது வீண்பெருமை, எட்டாவது அகந்தை. வீண்பெருமைக்கு ஆள் வேண்டும்: யாராவது பார்க்க வேண்டும், நாலு வார்த்தை சொல்ல வேண்டும். அகந்தைக்கு யாருமே தேவையில்லை. நடந்த நன்மையெல்லாம் தன்னால்தான் என்று நம்பி, தேவனுடைய உதவியையே மறுத்துவிடும் நிலை அது. முதலாவது போய்த்தான் இரண்டாவதற்குக் கதவு திறந்துவிடுகிறது.

பிலிப்பியர் 2:3-ல் நம் வேதாகமம் "வீண்பெருமை" என்று சொல்லும் இடத்தில் கிரேக்கத்தில் "கெனோடோக்சியா" என்று இருக்கிறது. கெனோஸ் என்றால் வெறுமை, டோக்சா என்றால் மகிமை. எவாக்ரியுஸ் எடுத்தாண்டதும் இதே சொல்தான்.

நீங்கள் சொன்ன அந்த "ஓட்டிப் பார்க்கும்" வேலையை அவர் நன்றாகவே அறிந்திருந்தார். வீண்பெருமை தாக்கும் இடம் கற்பனை என்கிறார். தனியே இருக்கும் துறவியின் மனதில் ஒரு காட்சி விரிகிறது: பிசாசுகள் அலறி ஓடுகின்றன, நோயாளிகள் குணமாகிறார்கள், ஜனங்கள் அவனுடைய வஸ்திரத்தைத் தொட வருகிறார்கள். அடுத்து அவனைக் குருவாக்குவதற்கு ஆட்கள் வாசலில் வந்து நிற்கிறார்கள், அவன் மறுக்க, கட்டி இழுத்துப் போகிறார்கள். இப்படி ஏற்றிவிட்ட பிறகு அந்த எண்ணம் கழன்றுகொண்டு, அவனை அகந்தையிடமோ துயரத்திடமோ ஒப்படைத்துவிடும். புகழ்ச்சிக்குப் பின் வரும் சோர்வுக்குக் காரணம் இதுதான். ஒருவர் பேசாமல் போனது உறுத்துவதும் இந்த வகையைச் சேர்ந்தது.

அவருக்குப் பின் வந்த துறவி யோவான் கசியான் 5ஆம் நூற்றாண்டில் ஒரு சம்பவம் எழுதியிருக்கிறார். பிரசங்கம் செய்கிறவர்கள் கட்டாயம் அறிய வேண்டியது. ஒரு மூத்தவர் ஒரு சகோதரனுடைய அறைக்குப் போகிறார். உள்ளே ஏதோ குரல். வேதம் வாசிக்கிறான் போலும் என்று வாசலிலேயே நின்று கேட்கிறார். அவனோ தான் சபைக்குப் பிரசங்கம் செய்வதாகப் பாவித்துப் பேசிக்கொண்டிருக்கிறான். பிரசங்கத்தை முடித்து, அடுத்து உதவிக்காரராக மாறி, ஞானஸ்நானத்துக்கு ஆயத்தமாகிறவர்களைப் பிரசங்கத்துக்குப் பின் ஆராதனையிலிருந்து வெளியே அனுப்பும் வாசகத்தையும் சொல்கிறான். அப்போது கதவு தட்டப்படுகிறது. எவ்வளவு நேரமாக நிற்கிறீர்கள் என்று அவன் பதறிக் கேட்க, "இப்போதுதான், நீ அனுப்பும் வாசகம் சொன்னபோது வந்தேன்" என்கிறார் அவர். ஆளே இல்லாத அறையிலும் மனது ஒரு சபையைக் கூட்டிக்கொள்ளும். மேடையை விட்டு இறங்குவதால் மட்டும் இது தீராது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் தெரியவில்லை.

கசியான் வீண்பெருமையை வெங்காயத்துக்கு ஒப்பிடுகிறார்: ஒரு தோலை உரித்தால் கீழே இன்னொரு தோல். மற்ற பாவங்கள் தோற்றால் பலவீனப்படும், இதுவோ தோற்ற இடத்திலேயே எழுந்து நிற்கும். சீனாய் மலையில் மடத்தலைவராக இருந்த யோவான் கிளிமாகுஸ் சொல்வது நெருஞ்சி முள்ளைப் பற்றி. எப்படிப் போட்டாலும் ஒரு முள் மேலே நிற்கும். உபவாசம் இருந்தால் அதற்காக ஒரு பெருமை, பிறர் அறியாதபடி உபவாசத்தைத் தளர்த்தினால் தன் விவேகத்தைக் குறித்து ஒரு பெருமை. நல்ல உடை உடுத்தினாலும் எளிய உடைக்கு மாறினாலும், பேசினாலும் மௌனமாயிருந்தாலும் இதே கதைதான்.

கசியான் தரும் மருந்து மூன்று. வீண்பெருமை தூண்டினதாக அறிந்த எதையும் ஆரம்பிக்காதே. நல்ல நோக்கத்தோடு ஆரம்பித்த வேலையை அதே கவனத்தோடு முடி, ஏனென்றால் நடுவிலும் அது நுழையும். சகோதரர்கள் பொதுவாகச் செய்யாத, உன்னை மட்டும் தனித்துக் காட்டும் காரியங்களைத் தவிர். இந்த மூன்றாவதை நம் பாடகர்கள் அப்படியே எடுத்துக்கொள்ளலாம். சபையார் சேர்ந்து பாட முடியாத அளவுக்கு சுருதியை ஏற்றுவது, சரணத்துக்குச் சரணம் தனி ஆலாபனை வைப்பது இரண்டும் இதில் அடங்கும். சபை பாடுவதை நிறுத்திவிட்டுக் கேட்க ஆரம்பித்தால் விஷயம் கைமாறிவிட்டது என்று அறிந்துகொள்ளுங்கள்.

பெரோயாபட்டணத்தான்

வனாந்தரம் ஐயா நோயைச் சொல்லிவிட்டார். நான் வசனத்திலிருந்து இரண்டு காரியம் சேர்க்கிறேன்.

நீதிமொழிகள் 27:21: "வெள்ளிக்குக் குகையும், பொன்னுக்குப் புடமும் சோதனை, மனுஷனுக்கு அவனுக்கு உண்டாகும் புகழ்ச்சியே சோதனை." குகை என்றால் இங்கே உலோகம் உருக்கும் பாத்திரம். தட்டானிடம் புடம் பார்த்தவர்களுக்கு இது புரியும். பொன்னை அழிப்பதற்கு யாரும் புடம் போடுவதில்லை. எவ்வளவு கலப்பு இருக்கிறது என்பது அதில் வெளியே வரும். சபைப் பிதாவான அகுஸ்தீன் தம் "அறிக்கைகள்" நூலின் 10ஆம் புத்தகத்தில் இந்த வசனத்தை மனதில் வைத்துத்தான், மனிதருடைய நாவே நமது அன்றாட உலை என்கிறார். உங்கள் மூன்றாவது கேள்விக்கும் அங்கேயே பதில் இருக்கிறது. பணத்தின்மேல் ஆசை இருக்கிறதா என்று பார்க்கப் பணத்தைக் கொடுத்துவிடலாம். புகழ் இல்லாமல் இருக்க முடியுமா என்று பார்க்க என்ன செய்வது? யாரும் புகழாதபடி கெட்டவனாக வாழ்வதா? அது பைத்தியக்காரத்தனம் என்கிறார். நல்ல வாழ்க்கைக்குப் பின்னால் பாராட்டு வருவது இயல்பு, ஆகவே இரண்டில் எதையும் விட்டுவிடக் கூடாது.

அதே இடத்தில் அவர் தம்மைத்தாமே கேட்கும் கேள்வி நல்ல பரிசோதனை: தன்னை ஒருவர் அநியாயமாய்க் குறை சொல்லும்போது வலிக்கிறது, அதே அநியாயம் அதே இடத்தில் வேறொருவனுக்கு நேரும்போது ஏன் அவ்வளவு வலிப்பதில்லை? இதைப் பாராட்டுக்கும் திருப்பிப் பாருங்கள். அடுத்த வாரம் வேறொரு சகோதரி அதே பாட்டைப் பாடி, அதே பத்துப் பேர் அவரைப் பாராட்டும்போது மனம் எப்படி இருக்கிறது? சபை ஆசீர்வதிக்கப்பட்டதுதான் மகிழ்ச்சி என்றால் இரண்டு வாரமும் மகிழ்ச்சி ஒரே அளவில் இருக்க வேண்டும்.

அடுத்தது மத்தேயு 6. "அவர்கள் தங்கள் பலனை அடைந்து தீர்ந்தது" என்கிறார் ஆண்டவர். அங்கே உள்ள கிரேக்கச் சொல் அந்தக் காலத்துப் பற்றுச்சீட்டுகளில் "முழுவதும் பெற்றுக்கொண்டேன்" என்று எழுதும் சொல். நம் மொழிபெயர்ப்பில் உள்ள "தீர்ந்தது" அதை அப்படியே பிடித்திருக்கிறது: கணக்கு தீர்ந்தது, இனி பாக்கி ஒன்றுமில்லை. டியூப்லைட்டில் வெளிச்சத்தை மறைக்கும் அளவுக்கு உபயதாரர் பெயர் எழுதும் வழக்கம் ஆலயங்களுக்குள்ளும் இருக்கிறதே, அதை இந்த வசனத்தோடு சேர்த்து வாசிக்க வேண்டும்.

ஆனால் கவனியுங்கள், அந்த அதிகாரத்தில் ஆண்டவர் மறைக்கச் சொன்னவை தர்மம், ஜெபம், உபவாசம். மறைவில் செய்தாலும் யாருக்கும் நஷ்டமில்லாதவை இவை. பாட்டையும் பிரசங்கத்தையும் மறைக்க முடியாது. அதற்கு மத்தேயு 5:16 இருக்கிறது: மனுஷர் கண்டு, பிதாவை மகிமைப்படுத்தும்படி. ஆகவே மேடையில் நிற்கிறவர், யாரும் அறியாத ஒரு வேலையையும் சரிசமமாக வைத்துக்கொள்வது நல்லது. ஆராதனைக்குப் பின் பாய் சுருட்டுவது, நாற்காலி அடுக்குவது கூடப் பிறர் பார்க்கும்படிதான் நடக்கிறது. அதைவிட, படுக்கையில் கிடக்கும் ஒரு மூத்த விசுவாசியை வாரம் ஒருமுறை போய்ப் பார்ப்பது, அதைப் பிரசங்கத்தில் உதாரணமாகக்கூடச் சொல்லாமல் இருப்பது. அந்தக் கடைசி பகுதிதான் கடினம்.

கீதவாத்தியம்

இருவருக்கும் நன்றி. ஒரு சந்தேகம் பாக்கி இருக்கிறது. வாசலில் ஒருவர் பாராட்டும் அந்த நிமிஷத்தில் வாயிலிருந்து வர வேண்டிய வார்த்தை என்ன? "நான் ஒன்றுமில்லை, மண்" என்று சொன்னால் அதுவே இன்னொரு பாராட்டை வரவழைக்கிறது. லீஸ்திராவில் பவுலும் பர்னபாவும் வஸ்திரத்தைக் கிழித்துக்கொண்டார்களே, அப்படி மறுக்க வேண்டாமா?

அந்தோனியார் தெரு

இயேசுவுக்கே புகழ். கத்தோலிக்கர் தரப்பிலிருந்து எழுதுகிறேன்.

லீஸ்திராவில் மக்கள் அவர்களைத் தெய்வங்கள் என்று சொல்லிப் பலியிட வந்தார்கள். அது பொய், அதனால் ஆடையைக் கிழித்தார்கள். ஏரோது அதே மாதிரி முழக்கத்தைக் கேட்டு மறுக்காமல் இருந்தான், அவன் முடிவு திருத்தூதர் பணிகள் 12-இல் இருக்கிறது. ஆனால் "பாட்டு நன்றாக இருந்தது" என்பது பொய்யில்லை. உண்மையான பாராட்டுக்கு எப்படிப் பதில் சொல்வது என்பதற்கு லூக்கா முதல் அதிகாரத்தைப் பாருங்கள். எலிசபெத்து அன்னை மரியாவை உரத்த குரலில் புகழ்கிறார். மரியா "ஐயோ, நான் ஒன்றுமில்லை" என்று வாதாடவில்லை. "எல்லாத் தலைமுறையினரும் என்னைப் பேறுபெற்றவர் என்பர்" என்று ஒத்துக்கொண்டு, அடுத்த சொல்லிலேயே "ஏனெனில் வல்லவராம் கடவுள் எனக்கு அரும்பெரும் செயல்கள் செய்துள்ளார்" என்கிறார். அந்த "ஏனெனில்"தான் தாழ்ச்சி. புனித அவிலா தெரேசா தாழ்ச்சி என்பது உண்மையின் வழியில் நடப்பது என்று சொன்னதும் இந்தப் பொருளில்தான்.

ஆகவே வாசலில் "நன்றிங்க, கேட்டதுக்கு சந்தோஷம்" போதும். உடனே பேச்சை அவர்கள் பக்கம் திருப்புங்கள்: எந்த வரி தொட்டது, வீட்டில் எல்லோரும் சுகமா? நீண்ட மறுப்பு பேச்சை உங்கள்மேலேயே நிறுத்தி வைக்கிறது. "எப்படி இருந்துச்சு?" என்று நீங்களாகக் கேட்காதீர்கள். அன்று இரவே யூடியூப் பதிவைப் போட்டுப் பார்க்காதீர்கள். திருத்திக்கொள்ளப் பார்க்க வேண்டுமானால் இரண்டு நாள் கழித்து, குறை சொல்லத் தெரிந்த ஒருவரோடு உட்கார்ந்து பாருங்கள்.

தன்னைத்தானே தாழ்த்திப் பேசுவதைப் பற்றி: 12ஆம் நூற்றாண்டில் புனித பெர்நார்து அகங்காரத்தின் படிகள் பன்னிரண்டு என்று எழுதினார். அதில் ஒன்பதாவது, பொய்யான பாவ அறிக்கை. தாழ்ச்சியுள்ளவன் என்று பெயர் வாங்குவதற்காகத் தன் குற்றத்தைப் பெருக்கிச் சொல்வது. ஐந்தாவதும் நமக்குப் பொருந்தும்: மற்றவர்கள் சாப்பிடும்போது தான் மட்டும் இருக்கும் ஒரு நோன்பு, எல்லோரோடும் சேர்ந்து இருக்கும் ஏழு நாள் நோன்பைவிட அவனுக்கு இனிக்கிறதாம்.

பொய்த் தாழ்ச்சியைக் கண்டுபிடிக்க கசியானே ஒரு வழி காட்டுகிறார். துறவி செராபியோனிடம் ஓர் இளைஞன் வருகிறான். செபத்தைத் தொடங்கச் சொன்னால், "நான் பாவி, இந்த உடைக்கே தகுதியற்றவன்" என்கிறான். காலைக் கழுவவும் விடவில்லை. சாப்பாட்டுக்குப் பின் செராபியோன் மெதுவாக, "ஊர் ஊராக அலையாமல் உன் அறையில் தங்கி உழை" என்று சொன்னதும் அவன் முகம் மாறிவிட்டது. இவ்வளவு நேரம் உன்னையே இகழ்ந்தாய், நான் அன்போடு சொன்ன ஒரு சொல்லைத் தாங்க முடியவில்லையா என்று கேட்டார். "நான் ஒன்றுமில்லை" என்று சொல்லும்போது எதிரில் இருப்பவர் "ஆமாம், இன்று சுருதி விலகித்தான் இருந்தது" என்றால் வலிக்குமா என்று பாருங்கள். வலிக்குமென்றால் அந்த வாசகத்தை விட்டுவிட்டு "நன்றி" மட்டும் சொல்லுங்கள்.

விலகுவதைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். புனித ஆசீர்வாதப்பர் (பெனடிக்ட்) துறவு மடங்களுக்கு எழுதிய ஒழுங்கின் 57ஆம் அதிகாரம் கைவினைஞர்களைப் பற்றியது. தன் திறமையால் மடத்துக்கு ஏதோ நன்மை செய்வதாக ஒருவன் செருக்குற்றால் அவனை அந்த வேலையிலிருந்து எடுத்துவிட வேண்டும், அவன் தாழ்மையடைந்து மடாதிபதி மறுபடி சொல்லும்வரை திரும்பக் கூடாது. இதில் எடுப்பவரும் திருப்பி வைப்பவரும் மடாதிபதி. கைவினைஞன் தானாக விலகவில்லை. தானாக விலகினால் "எவ்வளவு தாழ்மை பாருங்கள்" என்று ஊர் பேசும், வெங்காயத்தில் இன்னொரு தோல். உங்கள் பங்குத்தந்தையிடமோ போதகரிடமோ ஆன்ம வழிகாட்டியிடமோ உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள். "பெருமை வருகிறது" என்று பொதுவாகச் சொல்லாமல், "இன்னாரைப் பாராட்டியபோது எரிச்சல் வந்தது" என்று குறிப்பாகச் சொல்லுங்கள். அவர் நிறுத்தச் சொன்னால் நிறுத்துங்கள், பாடச் சொன்னால் பாடுங்கள்.

பெரோயாபட்டணத்தான்

அந்தோனியார் தெரு சகோதரர் சொன்னதோடு ஒத்துப்போகிறேன். ஒன்று மட்டும் பாராட்டுகிறவர்களுக்கு. "தலைக்கனம் வந்துடும்" என்று பயந்து பிள்ளைகளையும் வாலிபரையும் ஒரு வார்த்தைகூடப் பாராட்டாமல் இருக்கும் சபைகள் உண்டு. அது வேதத்துக்கு ஒத்ததல்ல. பவுல் ரோமர் 16-ல் பெபேயாள் முதல் பேர் பேராகச் சொல்லி, யார் பிரயாசப்பட்டார்கள், யார் அவருடைய பிராணனுக்காகத் தங்கள் கழுத்தைக் கொடுத்தார்கள் என்று எழுதுகிறார். பாராட்டே கிடைக்காத பிள்ளை அதற்காக இன்னும் ஏங்கி, கிடைக்கும் இடத்தைத் தேடிப் போகும்.

ஆனால் அவர் சொல்லும் முறையைக் கவனியுங்கள். தெசலோனிக்கேயருக்கு எழுதும்போது முதலில் தேவனுக்கு ஸ்தோத்திரம், பிறகு அவர்கள் செய்த குறிப்பான காரியம்: விசுவாசத்தின் கிரியை, அன்பின் பிரயாசம். ஆகவே அந்தப் பாடகரிடம் "உங்க குரலுக்கு ஈடே இல்ல" என்று சொல்லாதீர்கள். "இரண்டாவது சரணத்தை நிறுத்தி நிதானமாப் பாடினீங்க, வார்த்தை எல்லாம் புரிஞ்சுது, அம்மாவும் கூடவே பாடினாங்க, கர்த்தருக்கு ஸ்தோத்திரம்" என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுங்கள். மைக் முன்னால், எல்லோரும் கேட்க, சால்வை போட்டுச் சொல்ல வேண்டாம்.

கீதவாத்தியம்

போதகரிடம் இந்த வாரமே பேசுகிறேன். சுருதியையும் அரைக்கட்டை இறக்கிவிடுகிறோம்.