மாடி அறைக்கு மியான்மரில் இருந்து ஒரு குடும்பம் வந்திருக்கிறது, டெல்லியில் முதலில் எங்கே கூட்டிப் போவது?

மேற்குடெல்லிக்காரி கேட்டது:

வணக்கம். ஜனக்புரியில் இருபத்திரண்டு வருடமாக இருக்கிறேன். எங்கள் கட்டடத்து மொட்டை மாடியில் ஒற்றை அறை ஒன்று உண்டு, இங்கே பர்சாத்தி என்பார்கள். மூன்று வாரத்துக்கு முன்னால் அதில் ஒரு பெண், அவளுடைய ஒன்பது வயதுப் பையன், நாலு வயதுப் பாப்பா, அவள் தம்பி என்று நாலு பேர் குடி வந்தார்கள். வடகிழக்குக்காரர்கள் என்றுதான் நினைத்திருந்தேன். போன வாரம் ராத்திரி பத்தரை மணிக்குக் குப்பை வைக்கக் கீழே போனபோது அந்தப் பெண் ஒரு மூட்டையோடு படியேறி வந்தாள். சந்தை கலைந்த பிறகு கடைக்காரர்கள் ஒதுக்கிவிட்டுப் போன கீரையையும் முள்ளங்கியையும் பொறுக்கி வந்திருக்கிறாள். படியிலேயே உட்கார்ந்து அழுகின இலையைக் கிள்ளி எறிந்து நல்ல இலையை மடியில் சேர்த்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் உட்கார்ந்து பேச்சுக் கொடுத்தேன். அவளுக்குப் பத்து வார்த்தை இந்தி தெரிகிறது, தம்பிக்குக் கொஞ்சம் இங்கிலீஷ்.

மியான்மரில் சின் மாநிலமாம். ஊரில் குண்டு விழுந்து, எல்லை தாண்டி மிசோரமில் சம்பாய் பக்கம் ஒன்றரை வருடம் இருந்துவிட்டு, கவுகாத்தி வந்து ரயில் ஏறியிருக்கிறார்கள். கணவரைப் பற்றி நான் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. கழுவிக் காயவைத்த பால் கவர் ஒன்றில் மூன்று காகிதம் வைத்திருக்கிறாள்: மியான்மர் அடையாள அட்டை, குடும்பத்தார் பெயர் எழுதின ஒரு பட்டியல், பையனின் தடுப்பூசி அட்டை. அவ்வளவுதான்.

ஐநா ஆபீசில் இன்னும் பதியவில்லை. ஒரு ஆள் வந்து, அங்கே போனால் வருடக்கணக்கில் இழுப்பார்கள், நாற்பதாயிரம் கொடுங்கள் நேரே கனடா ஃபைல் போட்டுத் தருகிறேன் என்று சொல்லி ஐயாயிரம் முன்பணம் வாங்கிப் போயிருக்கிறான். குடும்பப் பட்டியலின் அசலையும் நாளை கொடுக்கச் சொல்லியிருக்கிறானாம். எனக்கு இது சரியாகவே படவில்லை. முதலில் எங்கே போக வேண்டும், பையனைப் பள்ளியில் சேர்க்க முடியுமா, அரசு உதவி என்று ஏதாவது இவர்களுக்குக் கிடைக்குமா, தெரிந்தவர்கள் சொல்லுங்கள். சின்னவளுக்கு இரண்டு நாளாகக் காய்ச்சல் வேறு.

கறுப்புக்கோட்டு எழுதியது:

அக்கா, முதல் வேலை, அந்த அசல் காகிதம் யார் கைக்கும் போகக் கூடாது. இன்றைக்கே மூன்றையும் போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், நகல் வேண்டுமானால் கொடுக்கலாம், அசல் அவள் கையிலேயே இருக்கட்டும்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். இந்தியா 1951 அகதிகள் ஒப்பந்தத்திலும் கையெழுத்துப் போடவில்லை, 1967 நெறிமுறையிலும் போடவில்லை. அகதிகளுக்கென்று நம்மிடம் தனிச் சட்டமும் கிடையாது. திபெத்தியர்களையும் இலங்கைத் தமிழர்களையும் அரசே பார்த்துக்கொள்கிறது, மியான்மர், ஆப்கானிஸ்தான், சோமாலியா போன்ற இடங்களில் இருந்து வருகிறவர்களை டெல்லியில் யுஎன்ஹெச்சிஆர், அதாவது ஐநா அகதிகள் அமைப்பு, பதிவு செய்கிறது. மிசோரமில் அவர்களுக்கு அலுவலகம் கிடையாது, அதனால்தான் சின் மக்கள் இவ்வளவு தூரம் ரயிலேறி வருகிறார்கள். 2021 மே மாதம் மணிப்பூர் உயர் நீதிமன்றத்தில் ஒரு வழக்கு வந்தது, மியான்மரில் இருந்து தப்பி வந்த ஏழு பேர், அதில் பத்திரிகையாளர்களும் குழந்தைகளும் உண்டு. டெல்லிக்குப் போய் யுஎன்ஹெச்சிஆரை அணுக அவர்களுக்குப் பாதுகாப்பான வழி கொடுங்கள் என்று நீதிமன்றம் உத்தரவு போட்டது. அரசியல் சாசனத்தின் 21-வது பிரிவு தருகிற உயிர் வாழும் உரிமை குடிமக்களுக்கு மட்டுமில்லை, இந்த மண்ணில் இருக்கிற எந்த மனிதருக்கும் உண்டு என்பதுதான் அடிப்படை. கிழக்குப் பாகிஸ்தானில் இருந்து வந்து அருணாச்சலில் குடியேறிய சக்மா மக்கள் வழக்கில் 1996-லேயே உச்ச நீதிமன்றம் அதைச் சொல்லிவிட்டது.

அலுவலகம் வசந்த் விஹாரில். நேரே போய் நின்றால் அன்றைக்கே வேலை நடக்காது, பதிவுக்குத் தேதி கேட்க வேண்டும். அவர்களுடைய உதவித் தளத்தில் இந்தியாவுக்கென்று தனிப் பக்கம் இருக்கிறது, எண்ணும் மின்னஞ்சலும் அதில் உண்டு, எங்கே எப்போது வரச் சொல்கிறார்களோ அங்கே நாலு பேரும் போக வேண்டும், பாப்பா உட்பட. எந்தக் காகிதமும் இல்லாதவர்களும் பதியலாம். பதிந்ததும் மனு பரிசீலனையில் இருக்கிறது என்று ஒரு சான்றிதழ் தருவார்கள். பிறகு நேர்காணல். அது முடிய மாதக்கணக்கு ஆகும், சில சமயம் அதற்கு மேலும் ஆகும், இதில் அந்த ஆள் சொன்னது பொய்யில்லை. அகதி என்று ஏற்றுக்கொண்டால் அட்டை, மறுத்தால் 30 நாளுக்குள் மேல்முறையீடு. பதிவு, நேர்காணல், மொழிபெயர்ப்பாளர் எதற்கும் ஒரு பைசா கிடையாது.

அந்தத் தாள் எல்லாக் கதவையும் திறக்காது என்பதையும் சொல்ல வேண்டும். 2025 செப்டம்பர் 1 முதல் புதிய குடியேற்ற, வெளிநாட்டினர் சட்டம் நடைமுறையில் இருக்கிறது, பாஸ்போர்ட், விசா இல்லாமல் நுழைந்தால் 5 வருடம் வரை சிறை, 5 லட்சம் வரை அபராதம் என்கிறது. யுஎன்ஹெச்சிஆர் தாள் விசாவுக்குச் சமம் கிடையாது. ஆனால் போலீஸ் தெருவில் நிறுத்தினால் காட்டுவதற்கு ஒன்று இருக்கிறது, பிடித்துப் போனால் போய்ப் பேசுவதற்கு ஒரு அமைப்பு இருக்கிறது. தாள் இல்லாதவருக்கு அது இரண்டும் இல்லை. அதனால் தாமதிக்க வேண்டாம்.

வீட்டுக்காரரிடமும் பேசுங்கள். வெளிநாட்டவரைக் குடி வைத்தால் அதை அதிகாரிகளுக்குத் தெரிவிக்கிற படிவத்தைக் கொடுக்க வேண்டியது அவர் பொறுப்பு. ஏற்கெனவே கொடுத்தாரா என்று கேட்டுவிட்டு, கொடுக்கவில்லை என்றால் முதலில் ஒரு வழக்குரைஞரிடம் பேசச் சொல்லுங்கள், பதற்றத்தில் அந்தக் குடும்பத்தை வெளியே அனுப்பிவிட வேண்டாம். நீதிமன்றம் வரை போக வேண்டி வந்தால் சட்டப் பணிகள் ஆணையத்தில் பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வருமான வரம்பு பார்க்காமல் இலவச வழக்குரைஞர் தருவார்கள், அந்தச் சட்டப் பிரிவில் குடிமகள் என்ற சொல் இல்லை.

சாக்பீஸ் எழுதியது:

விகாஸ்புரியில் சின் பிள்ளைகளுக்கு ஞாயிற்றுக்கிழமை இந்தி சொல்லித்தருகிறேன், ஆறு வருடம் ஆகிறது. காய்ச்சலை முதலில் பாருங்கள் அக்கா, மற்றதெல்லாம் அப்புறம். ஹரிநகரில் தீன்தயாள் ஆஸ்பத்திரி இருக்கிறதே, அங்கே காலையிலேயே போய் ஓபிடி சீட்டு எடுங்கள். அடையாளம் கேட்டால் இருப்பதைக் காட்டுங்கள், கூட நின்று இந்தியில் பேச ஒருவர் இருந்தாலே பாதி வேலை முடிந்துவிடும். எனக்குத் தெரிந்த தாய்மார்களில் பலர் வெறுங்கையோடு திரும்பியது மருந்து இல்லாததால் இல்லை, கவுண்டரில் என்ன சொன்னார்கள் என்று புரியாததால்தான்.

பள்ளிக்கூடம். கல்வி உரிமைச் சட்டம் 6 முதல் 14 வயது வரை எல்லாக் குழந்தைகளையும் சொல்கிறது. வயதுச் சான்று இல்லை என்று சேர்க்க மறுக்கக் கூடாது என்று அதில் தெளிவாக இருக்கிறது, வயதுக்கு ஏற்ற வகுப்பில் சேர்த்துத் தனியாகப் பயிற்சி தர வேண்டும் என்றும் இருக்கிறது. நடப்பு வேறு. ஆதார் இல்லையா, வங்கிக் கணக்கு இல்லையா என்று கேட்டுத் திருப்பி அனுப்புகிறார்கள். ரோஹிங்கியா பிள்ளைகள் விஷயமாக 2025 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றத்துக்கு வழக்குப் போனபோது, முதலில் பிள்ளைகள் பள்ளியை அணுகட்டும், மறுத்தால் உயர் நீதிமன்றம் போகலாம் என்றார்கள். அதனால் வாயால் கேட்டுவிட்டு வராதீர்கள். ஒரு வெள்ளைத்தாளில் விண்ணப்பம் எழுதி, யுஎன்ஹெச்சிஆர் தாளின் நகலை வைத்து, இன்னொரு நகலில் பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்து வாங்குங்கள். நான் பார்த்தவரை, அந்தக் கையெழுத்தைக் கேட்டதும் தலைமை ஆசிரியர் பேசும் விதமே மாறுகிறது.

பாப்பாவுக்கு அங்கன்வாடி. அங்கே வேலை செய்கிற அம்மாவிடம் நேரில் போய்ப் பேசுங்கள், ஆதார் இல்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

அரசு உதவி என்று கேட்டீர்கள். ரேஷன் கார்டு கிடைக்காது, ஆதாரும் கிடைக்காது. ஐநா ஆபீசில் பதிந்த எல்லோருக்கும் மாதப் பணம் வரும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். ரொம்ப நலிந்த குடும்பங்களைப் பார்த்துத்தான் கொடுக்கிறார்கள், வீட்டுக்கு வந்து விசாரித்த பிறகு. தனியாகக் குழந்தைகளோடு இருக்கிற அம்மா என்பதை அவளே பதிவின்போது சொல்ல வேண்டும், கூச்சப்பட்டுக்கொண்டு சொல்லாமல் விட்டுவிடுகிறார்கள். போஸ்கோ என்ற அமைப்பு யுஎன்ஹெச்சிஆரோடு சேர்ந்து பல வருடமாக டெல்லியில் வேலை செய்கிறது. மொழி வகுப்பு, பள்ளியில் சேர்ப்பது, ஆஸ்பத்திரிக்குத் துணை என்று பலதும் அவர்கள் வழியாக நடக்கும். அந்தத் தம்பிக்கு எத்தனை வயது? பள்ளிப் படிப்பு பாதியில் நின்றிருந்தால் என்ஐஓஎஸ் திறந்தநிலைப் பள்ளியில் எழுத முடியுமா என்று பார்க்கலாம், என் மாணவர்கள் இரண்டு பேர் எழுதியிருக்கிறார்கள்.

டிராபிக்_சத்தம் எழுதியது:

தப்பாக நினைக்காதீர்கள். ஜங்புராவில் மெட்ராசி கேம்ப் என்கிற தமிழர் குடிசைப் பகுதியை 2025 ஜூன் 1-ம் தேதி இடித்தார்கள், எங்கள் வீட்டில் வேலை செய்த அம்மா அங்கேதான் முப்பது வருடம் இருந்தார். இந்தியக் குடிமகள், தமிழ்ப் பெண், அவருக்கே வீடு இல்லை. அதற்கு இந்த மாதிரி எத்தனை பேர் ஓடினோம்?

கறுப்புக்கோட்டு எழுதியது:

கோபம் நியாயமானது நண்பரே. அங்கே 370 குடும்பங்களில் 189 குடும்பங்களுக்குத்தான் நரேலாவில் வீட்டுக்குத் தகுதி என்றார்கள். தகுதியைத் தீர்மானித்தது காகிதம். நான் அந்த மாதம் ஒவ்வொரு வீடாகப் போய் மின்கட்டண ரசீதும் பழைய வாக்காளர் அட்டையும் தேடினேன், இரும்புப் பெட்டிக்கு அடியில் எலி கடித்துக் கிடந்ததைக்கூட ஒட்டிக் கொண்டுபோனோம். அந்த அம்மாவின் காகிதத்தை இன்னொரு முறை பார்க்க வேண்டுமென்றால் எனக்குத் தனிச்செய்தி அனுப்புங்கள், உண்மையாகவே சொல்கிறேன்.

மண்டபம்90 எழுதியது:

1990-ல் மன்னாரில் இருந்து படகில் வந்த குடும்பம் எங்களுடையது. நான் தமிழ்நாட்டு முகாமில் பிறந்து வளர்ந்து இப்போது வேலைக்காக குர்கானில் இருக்கிறேன். எங்களுக்கு மண்டபத்தில் பதிவு, முகாம், மாதப் பணம், அரிசி எல்லாம் அரசு கையிலேயே இருந்தது. 2021-ல் அந்தப் பணத்தைக் குடும்பத் தலைவருக்கு 1,500, மற்றப் பெரியவர்களுக்கு 1,000, சின்னப் பிள்ளைகளுக்கு 500 என்று உயர்த்தினார்கள். டெல்லியில் இந்தப் பெண்ணுக்கு அந்த ஏற்பாடு எதுவும் இல்லை என்று வாசிக்கவே மனதுக்குக் கஷ்டமாக இருக்கிறது.

நான் அந்த முகவரைப் பற்றி எழுதத்தான் வந்தேன். என் அப்பாவிடமும் ஒருவர் இப்படித்தான் வந்தார், கனடாவில் தங்கச்சி இருக்கிறாள்தானே, இரண்டு மாதத்தில் அனுப்பிவிடலாம் என்று. அம்மாவின் தாலிக்கொடி, சித்தப்பா அனுப்பின பணம், எல்லாம் போனது. அந்த ஆள் அடுத்த மாதம் வீட்டைக் காலி செய்துகொண்டு போய்விட்டார். அப்பா அதற்குப் பிறகு பத்து வருடம் அதைப் பற்றிப் பேசவே இல்லை, நாங்களும் கேட்கவில்லை.

மூன்றாம் நாட்டுக்குப் போவது யாரும் விண்ணப்பம் போட்டு வாங்குகிற விஷயம் கிடையாது. யுஎன்ஹெச்சிஆர் தானே ஆபத்து அதிகமாக இருக்கிறவர்களைப் பார்த்து ஒரு நாட்டுக்குப் பரிந்துரை செய்யும், ஏற்பதா வேண்டாமா என்பதை அந்த நாடு முடிவு செய்யும். உலகம் முழுக்க அகதிகளில் நூற்றுக்கு ஒருவர்கூட ஒரு வருடத்தில் அப்படிப் போவதில்லை. அமெரிக்கா 2025 ஜனவரியில் தன் திட்டத்தையே நிறுத்தி வைத்தது. கனடாவில் ஐந்து பேர் சேர்ந்து ஒரு குடும்பத்தைப் பொறுப்பெடுக்கிற முறை உண்டு, அதற்கும் அகதி என்று ஏற்கப்பட்ட சான்று வேண்டும், 2024 நவம்பர் கடைசியில் அதற்குப் புது விண்ணப்பம் வாங்குவதையும் நிறுத்தி வைத்தார்கள். பணம் வாங்கிக்கொண்டு நேரே கனடா ஃபைல் போட்டுத் தருகிறேன் என்பதை நம்பவே வேண்டாம். இதை அந்தத் தம்பிக்கு அப்படியே படித்துக் காட்டுங்கள் அக்கா.

வியாசர்பாடிப்_பேத்தி எழுதியது:

மயூர் விஹாரில் இருக்கிறேன். என் ஆச்சி ரங்கூனில் பிறந்தவர், 1965-ல் கப்பலில் சென்னை வந்தார்கள், தாத்தாவின் கடையை அங்கே அரசு எடுத்துக்கொண்ட பிறகு. ஆச்சிக்கு 81 வயது, பர்மிய மொழி இன்னும் சரளமாகப் பேசுவார். சின் மக்களுக்கு வேறு மொழி என்றாலும் பள்ளிக்கூடத்தில் பர்மிய மொழி படித்திருப்பார்கள். இந்தப் பதிவை ஆச்சிக்குப் படித்துக் காட்டினேன், போனைப் போடு என்கிறார். எண்ணைத் தனிச்செய்தியில் அனுப்பியிருக்கிறேன்.

மேற்குடெல்லிக்காரி எழுதியது:

பதினேழு நாள் கழித்து எழுதுகிறேன், மன்னிக்கவும். பாப்பாவுக்குக் காய்ச்சல் விட்டுவிட்டது, தீன்தயாளில் ரத்தம் பார்த்து மருந்து கொடுத்தார்கள். அசல் காகிதம் அந்த ஆள் கைக்குப் போகவில்லை. ஐயாயிரத்தைக் கேட்க என் கணவர் தம்பியோடு போனார், அடுத்த வாரம் என்று சொல்லி அனுப்பிவிட்டான். அது வராது என்று நினைக்கிறேன்.

ஆச்சி போனில் வந்ததைச் சொல்ல வேண்டும். ஸ்பீக்கரில் போட்டோம். ஆச்சி ஏதோ கேட்டார், இவள் பதில் சொன்னாள், திரும்ப ஆச்சி கேட்டார். நாற்பது நிமிடம். நடுவில் ஒரு இடத்தில் இவள் வாயை முந்தானையால் மூடிக்கொள்கிற மாதிரி துப்பட்டாவால் மூடிக்கொண்டாள், ஆச்சியும் அந்தப் பக்கம் பேசாமல் இருந்தார். பிறகு கீரை பற்றிப் பேசியிருக்கிறார்கள். நம் புளிச்சகீரைதான் அவர்கள் ஊரிலும் புளிப்புக்கு, ஜனக்புரியில் எங்கே கிடைக்கும் என்று ஆச்சி என்னைத் திட்டுகிற குரலில் கேட்டார்.

பதிவுக்குத் தேதி கிடைத்துவிட்டது, அடுத்த செவ்வாய். நாலு பேரோடு நானும் போகிறேன். பள்ளியில் விண்ணப்பம் கொடுத்துக் கையெழுத்து வாங்கிவிட்டேன், ஐநா தாள் வந்ததும் கொண்டுவாருங்கள் என்றார்கள். ஒன்பது வயதுப் பையனுக்கு ஆகிற ஸ்வெட்டர் யாரிடமாவது இருந்தால் சொல்லுங்கள், கொஞ்சம் ஒல்லியான பையன்.