கால்சியம் நைட்ரைட் போட்டா ஆர்சிபிடி (கான்கிரீட்டில் உப்பு ஊடுருவல் டெஸ்ட்) ஏன் எகிறுது?

உவரி சைட்:
கடலை ஒட்டின கட்டடம், எம்40 வலிமை கலவை. 25 சதம் பிளை ஆஷ் (அனல்மின் நிலையச் சாம்பல்), கலவை இளக சூப்பர் பிளாஸ்டிசைசர், கம்பி துருப்பிடிக்காம இருக்க கால்சியம் நைட்ரைட். 28 நாளில் ஆர்சிபிடி பார்த்தா நைட்ரைட் போட்டதில் 2,900 கூலோம் (ஓடின மொத்த மின்சாரத்தின் அளவு), போடாததில் 1,700. கன்சல்டன்ட் 1,500-க்கு மேல ஒத்துக்கமாட்டேங்கிறார். நைட்ரைட்டை எடுத்துடலாமா அண்ணாச்சி?

பாளையங்கோட்டை லேப்:
எடுக்காதீங்க தம்பி. இந்த டெஸ்ட் உப்பை அளக்கலை. 60 வோல்ட்டில் 6 மணி நேரம் ஓடுற கரண்டைத்தான் மொத்தமா கணக்குப் போடுது. நைட்ரைட், கான்கிரீட்டோட நுண்துளைகளில் இருக்கிற தண்ணியில் அயனியைக் கூட்டிடும், கான்கிரீட் எவ்வளவு இறுக்கமா இருந்தாலும் கரண்ட் கூடத்தான் ஓடும். இந்த டெஸ்டுக்கான அமெரிக்கத் தரநிலை ஏஎஸ்டிஎம் சி1202-லேயே இந்த எச்சரிக்கை இருக்கு. உப்புத்தண்ணியைத் தேக்கிப் பார்த்த நீண்டகால சோதனைகளில் உப்பைத் தடுக்கிறதில் நைட்ரைட் கலவை மத்ததைவிடக் குறைஞ்சு போகலை.

பிளை ஆஷுக்கு 28 நாள் பத்தவே பத்தாது. 56 நாள் விடுங்க. அவசரம்னா 7 நாள் சாதா க்யூரிங் (ஈரத்தில் வைக்கிறது), பிறகு 21 நாள் 38 டிகிரி சுண்ணாம்புத் தண்ணியில்.

வள்ளியூர் க்யூசி (தரக் கட்டுப்பாடு):
கணக்கையும் பாருங்க. சி1202 அளவுகோல் 95 மிமீ விட்டத்துக்கு. உங்க வில்லை (டெஸ்டுக்கு வெட்டின கான்கிரீட் துண்டு) 100 மிமீ விட்டம்னா 0.9025-ஆல் பெருக்கணும். 2,900 அப்போ 2,617 ஆயிடும். பலபேர் இதை விட்டுடுறாங்க.

50 மிமீ தடிமன் வில்லையை வேக்யூமில் (காத்தை உறிஞ்சி எடுத்த பாத்திரத்தில்) 3 மணி நேரம் வைங்க. பம்ப் ஓடும்போதே கொதிச்சு ஆறின தண்ணியை விட்டு இன்னும் 1 மணி நேரம், அப்புறம் 18 மணி நேரம் ஊறல். 3 சதம் உப்புக்கரைசல் மைனஸ் பக்கம், 0.3 நார்மல் சோடியம் ஹைட்ராக்சைடு பிளஸ் பக்கம். அறை 20–25 டிகிரியில் இருக்கணும். நம்ம ஊர் சித்திரை வெயிலில் ஏசி இல்லாம வச்சா, சூட்டுக்கே கரண்ட் ஏறிடும்.

உவரி சைட்:
கன்சல்டன்ட்கிட்ட வேற எதைக் காட்ட?

பாளையங்கோட்டை லேப்:
என்டி பில்ட் 492-ங்கிற நார்டிக் நாடுகளோட டெஸ்டைச் செய்யுங்க, அதில் உப்பு போன ஆழமே கண்ணில் தெரியும். 10 சதம் உப்புக்கரைசல். முதல்ல 30 வோல்ட் கொடுத்து, வர்ற கரண்டைப் பார்த்து வோல்ட்டையும் நேரத்தையும் முடிவு பண்ணணும். முடிஞ்சதும் வில்லையைப் பிளந்து, ஈரம் இருக்கும்போதே 0.1 மோலார் சில்வர் நைட்ரேட் தெளிங்க. கால் மணி நேரத்தில் உப்பு போன வரைக்கும் வெள்ளை படியும். ஓரத்தில் 10 மிமீ விட்டுட்டு, 10 மிமீக்கு ஒண்ணா 7 இடத்தில் வெர்னியர் வச்சு அளங்க. கையுறை போடுங்க, கறை போகாது.

கலவைக்கு ஊத்துறது எந்தக் கிணத்துத் தண்ணி? கம்பி கான்கிரீட்டுக்கு இந்தியத் தரநிலை ஐஎஸ் 456-இல் குளோரைடு லிட்டருக்கு 500 மில்லிகிராம்தான் மேல் அளவு. தண்ணி கரிச்சா 1,700-லேயே அதோட பங்கு இருக்கும்.